பின்பக்கம் ஒன்றரை அங்குலம்

சிகாபுதீன் பைக் சாவியைக் கொண்டுவந்து அரிசி டப்பாவின் மேல் வைத்தார். "இனி இது எனக்கு வேண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஷரீஃபா, கை ஈரத்தைத் துடைக்காமலே வந்து நின்றாள்.

"விழுந்தீங்களா?"

"விழல. வைட்டிலா ஜங்ஷன்ல திரும்பறப்ப வண்டி வெளிய வெளிய போகுது. நான் இந்தப் பக்கம் சாய்க்கிறேன், அது கேக்க மாட்டேங்குது. பஸ்காரன் பிரேக் அடிச்சான், தப்பிச்சேன். என் வாப்பா வரைக்கும் இழுத்துத் திட்டிட்டுப் போனான்."

"வண்டி பழசாயிருச்சுல்ல."

"வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல. தலைக்குத்தான். போன மழையில விழுந்ததுல உள்ள என்னமோ பட்டிருக்கு. திங்கக்கிழமை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து மிளகு, சுக்கு சாம்பிள்களை எடுத்துக்கொண்டு கலூருக்கும் களமசேரிக்கும் பைக் ஓட்டிய கைகள். ஷரீஃபாவால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய், கழுவிய மீனையே மறுபடி கழுவினாள்.

தலைக்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கும் மெக்கானிக் செல்லப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்தார்கள். இடது கால் முக்கால் அங்குலம் குறைந்துவிட்டது, ஒரு பக்கம் தடித்த செருப்புப் போட வேண்டும் என்றார் டாக்டர். சிக்னலில் நிற்கும்போது அந்தக் கால் தரையை எட்டாமல் வண்டியோடு சாய்ந்துவிடுவார் என்ற பயம் ஷரீஃபாவைத் தூங்க விடவில்லை. அவர் படுக்கையில் இருந்தபோதே செல்லப்பாவின் ஒர்க்ஷாப்புக்குப் போய், சீட்டைத் தாழ்த்தித் தரச் சொன்னாள். அவன் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிக் குட்டையானவற்றை மாட்டினான். சீட் ஒன்றரை அங்குலம் இறங்கியது.

"பின்பக்கம் மட்டும் தாழ்த்தினா முன்பக்கம் நிமிந்துக்கும், இத்தா" என்று அப்போதே சொன்னான். "ஹேண்டிலுக்குச் சோம்பல் வந்துரும், வளைவுல சட்டுனு திரும்பாது. இக்காகிட்ட சொல்லிருங்க. அறிஞ்சிட்டு ஓட்டினா ரெண்டு நாள்ல பழகிரும்."

சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஆனால் ஆறு மாதம் கழித்து முதல் தடவை வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், இரண்டு பாதங்களும் தரையில் பதிந்ததைக் கண்டு குழந்தை மாதிரி சிரித்தார்.

"பாத்தியா ஷரீ? காலு குறைஞ்சு போச்சாம்! பழைய மாதிரியே எட்டுது. பழையதை விட நல்லா எட்டுது! அந்த டாக்டரோட ஸ்கேல்தான் குறைஞ்சிருக்கு."

அன்றே தடித்த செருப்பைப் பரணில் எறிந்தார். அந்தச் சிரிப்பின் முன்னால் அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நோன்பு முடியட்டும், பெருநாள் கழியட்டும் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. கால் சரியாக இருக்கிறது என்று நம்பிய மனிதர், வளைவில் தடுமாறும்போதெல்லாம் தன் தலையைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்தில் செல்லப்பாவைக் கூப்பிட்டாள். அவன் முன்பக்கக் குழாய்களைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களை மேலே ஏற்றி, முன்பக்கத்தையும் இறக்கினான்.

"இப்பப் பழைய குணம் கிட்டத்தட்ட வந்துரும். ஆனா இத்தா, இந்த ரகசியத்தை வச்சிக்கிட்டு இக்காவோட எத்தனை சாயா குடிச்சிருக்கேன் தெரியுமா? ஒண்ணுகூட இறங்கல."

"அறியாமலே சரியாயிருச்சுன்னா நல்லதுதானே?"

செல்லப்பா ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் சாவியை அவர் முன்னால் வைத்தாள். "படகு ஜெட்டி வரைக்கும் ஒரு வாட்டி ஓட்டிப் பாருங்களேன். நானும் பின்னாடி வரேன்."

"உன்னையும் கொல்லவா?"

"மெதுவா..."

"ஷரீ." அவர் குரல் இறங்கியது. "பேசிட்டு இருக்கறப்பவே ஒருத்தன் பேரு ஓர்மை வரலன்னா உள்ள நடுங்குது. இனிமே எல்லாம் ஒவ்வொண்ணாப் போகும்னு தோணுது. வற்புறுத்தாதே."

வண்டி நேராகிவிட்டது; ஆனால் அவர் அதில் ஏறப்போவதில்லை. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு சொன்னாள். ஷாக் அப்சார்பர், செல்லப்பா எச்சரித்தது, தான் மறைத்தது, இன்று முன்பக்கத்தை இறக்கியது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவர் இரண்டு கைகளாலும் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப, தலைக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"காலு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர் சொன்னதுதான்."

"ரெண்டு மாசம்" என்றார். "தெனமும் ராத்திரி கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னு பாத்தேன், பாலன்ஸ் இருக்கான்னு. நீ பக்கத்துலதான் படுத்திருந்தே."

அவள் அழுதாள். அவர் அழாதே என்று சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சீட்டைக் கையால் அழுத்தினார், ஏறி உட்கார்ந்தார், குனிந்து இடது பாதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கிளம்பிப் போனார்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தும் அவர் வரவில்லை. ஷரீஃபா கதவைப் பிடித்தபடி, ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தெருமுனையில் நிறுத்தியிருந்த ஆட்டோவைச் சுற்றி ஒடித்துத் திருப்பினார். வண்டி அவர் சொன்னபடி திரும்பியது.

இறங்கி ஸ்டாண்ட் போட்டவர், ஹேண்டிலிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

"வைட்டிலால ரெண்டு சுத்து சுத்தினேன்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "செல்லப்பாகிட்ட சொல்லு, சைடு ஸ்டாண்டை ஒரு இஞ்சு வெட்டணும். வண்டி தாழ்ந்ததுல ரொம்ப நேரா நிக்குது. காத்தடிச்சா விழுந்துரும்."

"நீங்களே சொல்லுங்களேன்."

"அவன்கிட்டயும் நான் பேசறதில்ல இப்ப."

வண்டியைச் சுவர்மேல் சாய்த்துவிட்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தபடி உள்ளே போனார்.