குட்டைக் கம்பி

சாணக் குவியல் மார்பளவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி; போனால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். மாட்டுப் பண்ணையிலிருந்து லாரிகள் வந்து கொட்டிக்கொண்டே இருந்ததில், எருக் கொட்டகையின் குவியல் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. விதியை யார் ஞாபகப்படுத்தினாலும் "சமாளிச்சுக்கலாம்" என்பார் மேற்பார்வையாளர். அவருக்குச் சமாளி என்றே பெயராகிவிட்டது.

தினமும் குவியலில் வெப்பமானிக் கம்பியைச் செருகி, சூட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த அவளுடைய பொறுப்பு. ஆள் நீளக் கம்பி மூன்று நாளாக எண்பது டிகிரிக்கு மேல் காட்டியது. நியாயமாகக் குவியலைத் தாழ்த்தியிருக்க வேண்டும். சமாளியோ கம்பி கெட்டுவிட்டதென்று சொல்லி, முழ நீளத்தில் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அது சமர்த்தாக அறுபத்தைந்து காட்டியது. காட்டாதா பின்னே? காய்ச்சல்காரனின் சட்டையைத் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்கிற வைத்தியம்தான் இது.

அன்று காலை உச்சியில் புகை கிளம்பியது. தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது.

"அது வெறும் ஆவிம்மா," என்றார் சமாளி. எருவை அள்ளிக் கொட்டும் லோடர் வண்டியை ஓட்டும் அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டார். "மேல ஏறி ரெண்டு நிமிஷம் தண்ணி அடிச்சுட்டு வந்துடுப்பா."

அண்ணன் ரப்பர் பூட்ஸில் ஒரு காலை நுழைத்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, ஏறாத! உள்ள எரிஞ்சு குழியாகியிருக்கும். கால் வச்சா நேரா நெருப்புக்குள்ளதான்."

"தினமும் ஏறுறதுதானே? விடும்மா, இவரோட யாரு மல்லுக்கட்டுறது?"

"மல்லுக்கட்டப் பயந்து வெந்து சாவியா? அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்றது?" சுவரோரம் கிடந்த எரு மூட்டை ஒன்றைக் காட்டினாள். "உனக்கு முன்னாடி அந்த மூட்டை ஏறட்டும். வை மேல!"

அவள் கத்திய கத்தலில் அண்ணன் லோடரில் ஏறினான். அந்த மூட்டையை லோடரின் முன்பக்கத் தொட்டியில் தூக்கி, தான் நிற்கவிருந்த உச்சியில் இறக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

மூட்டை ஒரு மூச்சு நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு பொத்தென்று உள்ளே போனது. போன இடத்திலிருந்து தீ நாக்கை நீட்டியது. குவியலுக்குள் செக்கச்செவேலென்று ஒரு குகை தெரிந்தது.

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். அவள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து முடித்தாள். அண்ணன் லோடரை வெளியே நிறுத்திவிட்டு, ஒற்றைக் கால் பூட்ஸோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சமாளி மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். கையில் பதிவேடு. அன்றைய தேதிக்கு நேராக அறுபத்தைந்து என்று அவரே எழுதி வைத்திருந்தார்.

"ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடும்மா. மத்தத நான் சமாளிச்சுக்கறேன்."

அவள் பதிவேட்டைத் தொடவில்லை. குட்டைக் கம்பியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"மேல ஏறிக் குத்திப் பார்த்துட்டு வாங்க சார், போடுறேன். வெறும் ஆவிதானே?"