சாயம் ஏறாத முடி

எழுபது தாண்டியும் அந்த வீட்டில் அவள் சின்னவள்தான். அண்ணன் பேத்தியின் கல்யாணத்துக்கு வந்தவள் மடியில், செத்துப்போன அம்மாவின் சவுரிமுடியைக் கொண்டுவந்து போட்டாள் அண்ணி.

"பொண்ணுக்கு முடி எலிவால் மாதிரி இருக்கு. இதை அலசிக் குடு. அத்தைக்கு நீதானே வச்சுப் பின்னிவிடுவே?"

சவுரியில் பழைய எண்ணெயின் சிக்குநாற்றம். மூக்கைச் சுளித்துக்கொண்டே குழாயடியில் உட்கார்ந்து, அடிக்கட்டின் நூலைப் பிரித்தாள். கட்டுக்குள் மட்டும் கறுப்புச் சாயம் ஏறவில்லை. அங்கே முடி செம்பட்டையாக இருந்தது.

அந்த வீட்டில் செம்பட்டை முடி ஒருத்திக்குத்தான். அக்காவுக்கு.

அக்கா தன் பின்னலைத் தானே அறுத்து அடுப்பில் போட்டாள் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். "நான் வெட்டலடி" என்று அழுதுகொண்டே போனவள் அங்கேயே செத்தாள். அதன்பின் அம்மா போன விசேஷத்துக்கெல்லாம் பெரிய கொண்டை. அதற்கு எண்ணெய் தடவிச் சிக்கெடுத்தவை சின்னவளின் விரல்கள்தான்.

முடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூடத்தில் அண்ணன் பலகாரம் மென்றுகொண்டிருந்தார். ஈர முடியை அவர் முன் தூக்கிக் காட்டினாள்.

"இதை யாரு வெட்டினது?"

"நல்ல நாளும் அதுவுமா..."

"யாருண்ணே?"

"அம்மாதான். பார்த்த மாப்பிள்ளையை அவ வேணாம்னுட்டா, அம்மாவுக்குக் கோவம். நான் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்." விரலை நக்கினார். "நல்ல முடி, வீணாக்குவானேன்னு வச்சுக்கிட்டாங்க."

சின்னவள் குழாயடிக்கு ஓடினாள். விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நாற்றம் போகவில்லை.

கல்யாணப் பெண் பின்னாலேயே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சோப்பை எடுத்து, கிழவியின் விரல்களை ஒவ்வொன்றாக நுரைத்துக் கழுவிவிட்டாள். கடவுள் அனுப்பும் ஆறுதல் பெரும்பாலும் இந்த அளவுதான் இருக்கும். அதுவே போதுமானதாகவும் இருக்கும்.

"அவங்களை எங்க புதைச்சாங்க, பாட்டி?"

"விடுதிக்குப் பின்னால."

தன் புதுத் துண்டில் முடியைச் சுற்றினாள் பெண். "கல்யாணம் முடியட்டும். நாம போய் அவங்ககிட்டயே சேர்த்துடுவோம்."

"அப்போ உனக்கு?"

"எலிவால் போதும். அதைப் பார்த்து மாப்பிள்ளை ஓடிட மாட்டார்." திரும்பி உட்கார்ந்து சீப்பை நீட்டினாள்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "சின்னவளே, சாப்பிட வா!"

பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"முதல்ல நீங்க கையைக் கழுவுங்கண்ணே."