சுடர் அசையாமல் பாடும் வித்தை

மலைமேல் இருக்கும் எல் ஆல்ட்டோ ஊர்ச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் நிக்காசியாவுக்கு மூச்சு விடத் தெரியாதாம். அவள் பாடும் தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க, கீழே சமவெளியிலிருந்து வந்த வாத்தியார் எவரிஸ்தோ முதல் நாளே அப்படிச் சொல்லிவிட்டார்.

"எல்லாரும் நெஞ்சால மூச்சு விடுறீங்க. வயித்துலேர்ந்து வரணும். மெழுகுவத்தி முன்னாடி நின்னு பாடினா சுடர் அசையக் கூடாது. அதுதான் கலை!"

நாலாயிரம் மீட்டர் உயரத்து ஊரில் நாலு மாடி ஏறி வந்த மனுஷன். சொல்லி முடிப்பதற்குள் துருத்தி மாதிரி இரைத்தது. அந்த இரைப்பில், எதிரே ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்தியின் சுடரே அணைந்துபோயிற்று. நிக்காசியா ஏற்றினாள். மறுபடியும் அணைத்தார்.

"வாத்தியாரே, இந்த மலை இரைப்புக்கு முதல்ல கோக்கா இலைத் தண்ணி ஒரு வாய் குடிங்க. கலை எங்கயும் ஓடிப் போயிடாது."

"அதெல்லாம்... பட்டிக்காட்டு... வைத்தியம்!"

மூன்றாவது தீக்குச்சிக்கு வாத்தியாரே சாய்ந்துவிட்டார்.

மூச்சு விடத் தெரியாத நிக்காசியாதான் மருந்துக் கடைக்கு ஓடினாள். ஆக்சிஜன் உருளையைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு நாலு மாடியும் ஏறினாள். சும்மாவும் ஏறவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முழுசாகப் பாடிக்கொண்டே ஏறினாள்.

மூக்கில் குழாய் ஏறியதும் வாத்தியாருக்கு உயிர் வந்தது. உயிரோடு கூடவே கடமையும் வந்தது. பேனாவை எடுத்து அவளுடைய மதிப்பெண் அட்டையில் எழுதினார்: 'மூச்சுக் கட்டுப்பாடு போதாது.'

நிக்காசியா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கெட்டி அட்டை, வாத்தியாரே" என்று சொல்லி, அதாலேயே அவருக்கு விசிற ஆரம்பித்தாள்.