விதைக்கு விட்ட செடி

குழாய் ரிப்பேர்க்காரரின் கால்வீக்கத்தை, அவர் வீட்டுக் கொல்லையில் நின்ற ஊதாக் கதிர்ச் செடி ஒரே மதியத்தில் குடித்து முடித்தது. குடித்த கையோடு ஒரு சாண் வளர்ந்தும் விட்டது. ஊரில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஓடிப்போய் அடைப்பவர், தன் கொல்லைக் குழாயை மட்டும் ஒன்பது வருடமாக ஒழுக விட்டிருந்தார். அந்தச் சகதியில்தான் செடி தானாக முளைத்து, இடுப்புயரத்துக்குக் கதிர் கதிராகப் பூத்து நின்றது. சிறுநீரகம் போய்விட்டது, மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மறுநாள், எரிச்சல் பொறுக்காமல் அவர் சகதிக்குள் காலை வைத்து உட்கார்ந்தார். சாயங்காலம் பழைய செருப்பு காலுக்குச் சேர்ந்தது.

அவர் மனைவி சீருடை தைக்கும் கம்பெனியில் காஜா எடுப்பவள். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு உயிரைக் காப்பாற்றும் வேலை. நாற்றுப் பண்ணைக்காரரிடம் போய் யோசனை கேட்டாள்.

"தண்ணி நின்னாக்கூடப் பரவால்ல, காய மட்டும் விட்றாதீங்க. நல்லா வெயில் படணும். முக்கியமா, பூ வாடுறதுக்குள்ள கதிரைக் கத்தரிச்சிடுங்கம்மா. ஒரு செடி லட்சக்கணக்குல விதை விடும். கால்வாய்ல விழுந்துச்சுன்னா ஊருக்கே தண்ணி வராது."

அவள் தினமும் வேலைக்குப் போகுமுன் நூல் வெட்டும் கத்தரியால் கதிர்களை நறுக்கி அடுப்பில் போட்டாள். மூன்று மாதம் நான்கு வருடமானது. டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை மூன்று தடவை பார்த்துவிட்டு லேப்காரர்களைத் திட்டினார். ஐந்தாம் வருட மழையில், தினமும் சகதிக்குள் வைத்து உட்கார்ந்த புருஷனின் கால் வெளியே வரவில்லை. இழுத்தால் அவர் அலறினார், இலைகள் துவண்டன. அவள் சேற்றை விலக்கிப் பார்த்தாள். எது வேர், எது நரம்பு என்று பிரிக்க முடியவில்லை. "விடு, இங்கயே ஒரு நாற்காலி போடு" என்றார் அவர். அதன் பிறகு ஜனங்கள் ஒழுகும் குழாய்களைக் கழற்றிக் கொல்லைக்கே கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் களைத் தடுப்பு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. தடை செய்யப்பட்ட செடி, பதினைந்து நாளில் வேரோடு பிடுங்கப்படும். அவள் ஏறாத படியில்லை. கெஞ்சினாள், காலில் விழுந்தாள், புருஷனைக் கொல்லாதீர்கள் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அதிகாரி கெட்டவர் இல்லை, அவருக்கும் கண் கலங்கியது.

"செடியை எடுக்கத்தாம்மா உத்தரவு. கூட ஆள் இருந்தா என்ன பண்றதுன்னு அதுல எழுதலையே."

அன்றிலிருந்து அவள் கத்தரியைத் தொடவில்லை.

"கதிரு முத்துதே, கத்தரிக்கலையா?"

"கை வலிக்குதுங்க."

முப்பது வருடம் ஊருக்குக் குழாய் பதித்தவருக்கு, கொல்லைச் சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்று தெரியும். அவர் அப்புறம் கேட்கவில்லை. பதினான்காம் நாள் அவள் காய்ந்த கதிர்களை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் உதறினாள். ஊர் தண்ணீரில்லாமல் தவிக்கும் என்று தெரிந்தேதான் உதறினாள்.

மறுநாள் மண்வெட்டிகள் வந்தன. அவர் செடியோடு செடியாக வெளியே வந்தார். ஒரு சுமை வைக்கோல் கனம்கூட இல்லை. அன்று மதியமே புதைத்தார்கள்.

அடுத்த வருடம் கால்வாய் பதினொரு கிலோமீட்டருக்கு ஊதாவாகப் பூத்தது. மதகு சிக்கிக்கொண்டது, ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்று அவளைச் சபித்தார்கள். பிடுங்கப் பிடுங்க அது முளைத்தது. பிறகு பிடுங்குவதையும் சபிப்பதையும் விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் போனால் அது வெறும் செடி. அவள் போனால் மட்டும் ஒவ்வொரு தூரும் அவர் குரலில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறது. இதில் எது அவர் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் விடிந்ததும் கிளம்பி, ஒன்று விடாமல் நின்று "சாப்பிட்டேங்க" என்று சொல்லிக்கொண்டு போகிறாள். கடைசித் தூருக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். நடுவில் சாப்பிட அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை.