சட்டைப் பையில் ரொட்டி

மேனேஜருக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் சொன்னது அத்தைதான். சொன்ன விதம் இருக்கிறதே! "உன் கோழி செத்துக்கிட்டிருக்கு, வந்து பாரு." தலையில் கல்லைப் போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். என் மாமியாருக்கு எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாது.

பின்பக்கம் ஓடினேன். குழாயடியில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள் மேனேஜர். வால் தொங்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கழுத்துக்குக் கீழே தீனிப்பை, அதாவது தின்றதெல்லாம் முதலில் போய்த் தங்குகிற இடம், பந்து மாதிரி புடைத்திருந்தது. தொட்டால் பிசைந்த மாவு. அலகைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது.

மேனேஜர் என்று பெயர் வைத்தவர் என் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கடைக் கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போனவர், அடியில் இருந்த குழிக்குள் கத்திக்கொண்டிருந்த குஞ்சைக் கருவிப் பைக்குள் போட்டு எடுத்து வந்தார். அது வளர வளர, கையைப் பின்னால் கட்டிக்கொண்டவள் போல நடந்து, ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் முணுமுணுத்தது. "எங்க ஆபீஸ் மேனேஜரேதான்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அத்தை மட்டும் கடைசிவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு அது 'சனியன்'.

சாயந்திரம் வந்ததும் என் கணவர் பின்வாசல் படியில் உட்காருவார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் கொடுப்பார். ட்ளொக், ட்ளொக். மேனேஜர் எங்கிருந்தாலும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருவாள். மதியம் மிச்சம் வைத்த ரொட்டி ஓரம் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். இவள் தலையையே பைக்குள் விட்டு இழுத்துத் தின்பாள். பை கிழிந்துபோய், நீல நூல் அகப்படாமல், பழுப்பு நூலில் தைத்துக் கொடுத்தேன். "நீலச் சட்டைக்குப் பழுப்புத் தையலா? நீ நெசமாவே லாண்டரிலதான் வேலை பாக்குறியா?" என்று ஒரு வாரம் கேலி செய்தார்.

பிறகு ஒரு நாள் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மொட்டைமாடி மெஷின் அறையில், வியர்க்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பழுப்புத் தையல் சட்டை அலமாரியில் தொங்கியபடியே இருந்துவிட்டது.

இதற்கு மேல் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் வந்துகொண்டிருந்தார்.

வேலை முடிந்து, எங்கள் வீட்டுப் பக்கச் சந்துக்குள் நான் திரும்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். ட்ளொக், ட்ளொக். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த தூக்குச்சட்டியைச் சந்திலேயே போட்டுவிட்டேன். கதவைத் திறந்து உள்ளே ஓடினால் யாரும் இல்லை. மேனேஜர் படியில் நின்று அலகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார். பின் ஜன்னலில் கிண்ணத்துத் தண்ணீரில் அத்தையின் பல்செட் கிடந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது, என் கை தானாக அந்தச் சட்டைப் பைக்குள் போயிற்று. லாண்டரியில் எனக்கு அதுதான் வேலை. மெஷினில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையையும் துழாவ வேண்டும். சாவி, பேனா, மாத்திரை, பாதிக் கடித்த மிட்டாய், எது வேண்டுமானாலும் இருக்கும். அவருடைய பையில் ரொட்டித் துகள் இருந்தது. விரலால் அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. செத்துப்போனவரின் சட்டைப் பையில் இன்றைய ரொட்டி. யாரிடம் சொல்வது? அத்தையிடமா? மகன் போனதிலிருந்து மகன் பேச்சையே எடுக்காதவரிடமா? துகளைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு அலமாரியைச் சாத்தினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது. பொய் சொல்லுவானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காலையில், அத்தை குளிக்கப் போகிற நேரம் பார்த்து, நானும் படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கொடுத்து மேனேஜருக்கு ஒரு ரொட்டி ஓரம் போடுவேன். அது வேறு. அது நான். சாயந்திரச் சத்தம் அவருடையது. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அந்த வித்தியாசம் கூடவா தெரியாது?

மேனேஜரைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனேன். சின்னப் பெண்தான், ஆனால் கை பக்குவமான கை. தீனிப்பையை அமுக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ரொட்டி போட்டீங்களா?"

"கொஞ்சம். காலையில ஒரு ஓரம்."

"கொஞ்சமா? உள்ள போயி ஊறி, உப்பி, அப்படியே அடைச்சிக்கிட்டு நிக்குது. இது ஒரு ஆள் போட்ட மாதிரி தெரியலையே. வீட்ல வேற யாராச்சும் போடுறாங்களா?"

 இல்லை என்று சொன்னேன்.

"பச்சத் தண்ணி மட்டும்தான். ஒரு பருக்கை உள்ள போகக்கூடாது. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கீழேருந்து மேலயும் மேலேருந்து கீழயும் மெதுவா பிசைஞ்சி விடுங்க. கட்டி கரையணும். கரையலைன்னா கிழிச்சிதான் எடுக்கணும், அத இது தாங்காது."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இன்னொரு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அவர் வெறுமனே வந்து போகவில்லை. ஊட்டி ஊட்டி இவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். அதுவரை இருந்த சந்தோஷமெல்லாம் போய் எனக்குக் கோபம் பொங்கியது. உயிரோடு இருக்கும்போதே ஊருக்குப் போனால் துணைக்கு ஆள் தேடுகிற மனுஷன்தான்.

லாண்டரிக்கு லீவு சொன்னேன். குளியலறை மூலையில் அட்டைப்பெட்டி வைத்து, பழைய போர்வையை விரித்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். மேனேஜரை மடியில் வைத்து எண்ணெய் தொட்டுப் பிசைந்தேன். சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் எடுத்து அலகின் ஓரத்தில் விட்டேன். முறைத்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை கூட இல்லை. அத்தை கதவோரம் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"பொழைக்குமா?"

"தீனி போடாம இருந்தா பொழைக்கும்."

"பட்டினி போட்டா எந்த ஊர்லடி உயிர் பொழைக்குது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் பார்த்தால் தீனிப்பை கொஞ்சம் இளகியிருக்கும். எனக்கும் உயிர் வரும். கண் அசந்துவிட்டோ, துணி துவைத்துவிட்டோ, சாயந்திரம் வந்து தொட்டுப் பார்த்தால் மறுபடியும் கல்லாகியிருக்கும். இப்படியே போயிற்று. மேனேஜர் இறகும் எலும்புமாகிவிட்டாள். கொண்டை வெளிறிவிட்டது.

அன்று பிசைந்துகொண்டிருக்கும்போது தலையை உதறி ஒரு கட்டியைக் கக்கினாள். பாதி ஊறிய ரொட்டி. நடுவில் ஒரு நூல் சுருண்டிருந்தது. கழுவிப் பார்த்தேன். பழுப்பு நூல்.

அலமாரியைத் திறந்தேன். சட்டை அதே இடத்தில் இருந்தது. பையின் ஒரு மூலையில் என் தையல் பிரிந்திருந்தது. உள்ளே கையை விட்டேன். ரொட்டி, மெத்தென்று.

என்ன செய்வது, யாரோடு சண்டை போடுவது? சட்டையின் காலரைப் பிடித்துக்கொண்டேன். "என்னை விட்டுட்டுப் போனீங்கள்ல? ஒரு வார்த்தை சொன்னீங்களா? இவளையாச்சும் விடுங்க. இந்த வீட்ல நீங்க கூப்பிட்டா இன்னும் திரும்பிப் பாக்கிறது இவ ஒருத்திதான். இவளும் போயிட்டா நீங்க யாருக்காக வருவீங்க?" என்று சொல்லி அழுதேன். அதுதான் என் பயமே. கோழி போனால் அவரும் வரமாட்டார்.

மறுநாள் சாயந்திரம் பல்பு ஃப்யூஸ் போயிற்று. வேறு வாங்கக் கடைக்குப் போய்விட்டுச் சந்துக்குள் திரும்பினேன். ட்ளொக், ட்ளொக். இந்தத் தடவை சத்தம் பின்வாசலில் இல்லை, குளியலறை ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது.  இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைத் தள்ளினேன்.

பல்பு இல்லாத அரை இருட்டில் நீலச் சட்டை குனிந்து உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிஷம் அவரேதான். அத்தனை நாளாகத் தலை தூக்காத மேனேஜர் கழுத்தை நீட்டிச் சட்டைப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டை திரும்பியது. கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியது. பல் இல்லாத வாய்.

"அத்தை!"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பாய்ந்துபோய் மேனேஜரைத் தூக்கினேன், அலகிலிருந்த ரொட்டியைப் பிடுங்கினேன், வாய்க்கு வந்தபடி கத்தினேன். அறிவு இருக்கா என்று கேட்டேன். கொல்லப் பாக்குறீங்களா என்று கேட்டேன். அத்தை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"நான் கூப்பிட்டா சாப்பிடுதுடி. நீ பட்டினி போடுற, மனசு கேக்கல."

"அவர் சத்தம் உங்களுக்கு எப்படி வருது?"

"என் சத்தம்டி அது." பொக்கை வாயில் வார்த்தை குழறியது. "சின்னதுல ஒரு வாய் வாங்க மாட்டான். இப்படிச் சத்தம் குடுத்தாத்தான் வாயத் தொறப்பான். அப்புறம் அவனே கத்துக்கிட்டான். பல்லு கட்டுனப்புறம் எனக்கு வராமப் போச்சு. கழட்டி வச்சா வருது."

திறந்த கதவு வழியே பார்த்தேன், பின் ஜன்னலில் கிண்ணத்துத் தண்ணீரில் பல்செட் கிடந்தது. தினமும் அங்கேதான் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

"எதுக்கு அத்தை இப்படி?"

அத்தை சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டுக்கொண்டார். "அவன் காலையில வந்து குடுத்துட்டுப் போறான்ல. சாயந்திரம் ஏன் வர்றதில்லன்னு தெரியல. வேலை போலன்னு நெனச்சேன். சாயந்திரத்துக்கு நான் குடுத்தேன்."

"காலையிலயா?"

"நான் குளிக்கும்போது கேக்கும். உனக்குப் பயமாயிருக்கும்னு சொல்லல. இது படுக்கிற வரைக்கும் தெனமும் கேக்கும்டி. தண்ணிய நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பேன்."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கையில் மேனேஜரின் நெஞ்சு பதறிக்கொண்டிருந்தது. காலைச் சத்தம் அவருடையது என்று நம்புகிறவரை அத்தை சாயந்திரத்தை விடமாட்டார்.

"அது நான் அத்தை."

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ அவன் வரவே இல்லையா?"

 சாயந்திரங்களை நானும் அப்போதுதான் இழந்திருந்தேன். குளியலறைத் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, வீட்டிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதோம். நடுவில் மேனேஜர் ஒரு தடவை முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் மாறி மாறிப் பிசைந்தோம். எண்ணெய் தொட்டுப் பிசைவதில் அத்தையின் கைதான் நல்ல கை. கட்டி கரைந்தது. தீனிப்பை வற்றி, கொண்டையில் நிறம் திரும்பியது. முதல் வேலையாக மேனேஜர் என் கால் கட்டைவிரலைக் கொத்தினாள். மருத்துவர் சொன்னபடி நொய்யும் கீரையும் கிண்ணத்தில் வைத்தோம். கையால் கொடுப்பதில்லை, கூப்பிடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

முதல் முறையாக வெளியே விட்ட அன்று, வெயில் இறங்கியதும் மேனேஜர் தானாகவே பின்வாசலுக்குப் போனாள். படிக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். படியில் உட்கார்ந்த ஒரு ஆளின் முகம் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தை. நான் உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் அத்தை. பல்செட்டை மாட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். மேனேஜர் நின்றுகொண்டே இருந்தாள். யாராவது ஒருவர் சத்தம் கொடுத்துவிட மாட்டோமா என்று எங்களுக்கே ஆகிவிட்டது.

கடைசியில் அத்தை படியிறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"மேனேஜரே" என்றார். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "அவன் வரமாட்டான். செத்துப் போயிட்டான். நீ போயி படு."

மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தாள். நகரவில்லை. அத்தைதான் கடைசியில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

மறுநாள் சட்டையைத் துவைத்துவிடு என்று அத்தை என்னிடம் நீட்டினார். வாளியில் போடுவதற்கு முன்னால் வழக்கம்போலப் பைக்குள் கையை விட்டேன். ஒன்றும் இல்லை. பையை வெளிப்புறமாகத் திருப்பி உதறினேன். பிரிந்த மூலையில் விரலை விட்டுப் பார்த்தேன். அப்புறம், ஒன்றும் இல்லை என்று தெரிந்தே, இன்னொரு தடவை துழாவினேன்.