உலகம்மாள் குரவையிட்ட படம்

“குரவை போட்டது நீயாட்டி?” என்று கோலப்பன் கேட்டார். “தாலி கெட்டும்போ வாயப் பொத்திட்டா இரிப்பாவ?” என்று அவர் மனைவி உலகம்மாள் சிரித்தாள். 1951 ஆவணியில், டூரிங் கொட்டகையில் படம் பார்த்துவிட்டு வயல்வரப்பில் திரும்பும்போது பேசியது. அதற்குப்பின் இருவரும் அதைப் பேசவில்லை.

ஆற்றில் மூழ்கிய காதலியை ஒரு தீவின் இளவரசன் மூன்று பிறவி தேடிக் கண்டடைந்து மணப்பதுதான் படம். நாஞ்சில் நாட்டில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் குரவையொலி இல்லாமல் தாலி ஏறாது. அதனால் உலகம்மாள் தன்னை மறந்து குரவையிட, பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. இளவரசன் திரையில் திரும்பி, முதல் குரல் வந்த இடத்தைப் பார்த்தான். மறுநாள் முதல் மணமேடையில் பெண் இல்லை. அவன் மட்டும் தாலியோடு காத்து நின்றான். பார்த்தவர்களால் முன்னைவிட நன்றாக அழ முடிந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. படம் நாற்பது நாள் ஓடியது. பிறகு அருமனையிலும் கடியப்பட்டணத்திலும் அவன் அப்படியே நின்றதாகத் தேங்காய் வியாபாரிகள் சொன்னார்கள்.

அந்த ஆண்டு கும்பப்பூ நெல் நல்ல விளைச்சல். அறுவடை முடிந்தபோது உலகம்மாளின் பாதங்கள் நிறமிழந்திருந்தன. அடுத்த ஆண்டு முழங்கால்வரை, படத்தில் போலவே, கறுப்பு வெள்ளை. நான்காம் ஆண்டு குங்குமம் அவள் நெற்றியில் கறுப்பாகத் தெரிந்தது. “ஏட்டி, மஞ்சளத் தேச்சியா, அடுப்புச் சாம்பலத் தேச்சியா?” என்று பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் கேலி செய்தாள். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். சமையலில் ருசி குறையவில்லை. கோலப்பன் தினமும் சாப்பிடும்போது ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவார். கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர்.

கன்னியாகுமரி தனி மாவட்டமான 1956 நவம்பரில் படம் திரும்பி வந்தது. உலகம்மாள் கல்யாணப்புடவையை உடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கோலப்பன் பின்னால் போனார். கல்யாணக் காட்சி வந்ததும் அவள் எழுந்தாள். பெண்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். திரையில் இளவரசன் கையை நீட்டினான். கோலப்பன் ஆண்கள் பக்கத்தை மறைத்த ஓலைத்தட்டியைப் பிய்த்துக்கொண்டு பெண்கள் பக்கம் நுழைந்தார்.

“குனிஞ்சு நில்லும் அண்ணாச்சி, மறைக்குது” என்றாள் பார்வதியம்மாள்.

உலகம்மாளின் வலது உள்ளங்கை மட்டுமே இன்னும் நிறமாக இருந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த பிறவியெல்லாம் அவனுக்கே இரிக்கட்டும், உலகம்மா. இந்த ஒண்ண மட்டும் எனக்குத் தா.”