மாசிலாமணி பார்த்த நெல்லிக்காய்

ஏகாம்பரத்துக்கு முதலில் கெடுதல் செய்தவன் பக்கத்து வீட்டு மாசிலாமணிதான். செக்கடித் தெருவில், தட்டில் விழுந்த பண்டத்தின் வைட்டமின் அதை முதலில் பார்க்கிற கண்ணுக்குத்தான் போகும்; பிறகு தின்கிறவருக்கு வெறும் சக்கை. அதனால் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு பரிமாறுவார்கள். எல்லா வீட்டிலும் சன்னலைச் சாத்தித்தான் சாப்பாடு. ஏகாம்பரம் வீட்டுச் சமையலறைச் சன்னலுக்குக் கதவு இல்லை. அதை இரவல் வாங்கிப் போனவனும் மாசிலாமணிதான். பதினோரு வருஷமாக அந்தச் சன்னலில் அவன் முகம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பக்கவாதம் சைக்கிளில் வந்து இறங்கியது. ஏகாம்பரத்தின் காதுமடலை நசுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"சத்தே இல்லையே பெரியவரே. வெள்ளிக்கிழமை வந்து இடது பக்கத்தை எடுத்துக்கிறேன்."

"நான் தின்ன நெல்லிக்காய் பூரா அந்தப் பய உடம்புல இருக்கு. அங்க போய்க் கேளுங்க."

"அவர் கொய்யாப்பழம் மாதிரி இருக்கார். அங்க எனக்கு வேலையில்லை" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

ஏகாம்பரம் முக்காலி போட்டு ஏறி, மாசிலாமணி சாத்தாமல் விட்டிருந்த சன்னல் வழியாக அவன் தட்டை எட்டிப் பார்த்தார். ஒற்றை அப்பளம் இருந்தது. மறுநாளும் அப்பளம்.

"ஏண்டா, முருங்கைக்கீரை வாங்குனியே, எங்கடா?"

"இப்பல்லாம் அப்பளந்தாண்ணே பிடிக்குது. நல்லாப் பாத்துக்குங்க" என்று அதைத் தூக்கிக் காட்டிவிட்டு நொறுக்கித் தின்றான்.

வெள்ளிக்கிழமை பக்கவாதம் வந்தது. ஏகாம்பரம் இடது கையால் கடைசியாக ஒருமுறை மூக்கைச் சொறிந்துகொண்டார். அவருக்குப் படிக்க வராது. மனைவி சிவகாமிதான் சீட்டைப் பிரித்துப் படித்தாள்.

"கதவு எண் பதினேழு, இடது பக்கம்னுதான் போட்டிருக்கு. இவர் பேரைக் காணோமே?"

பக்கவாதம் கண்ணாடியை மாட்டிப் பார்த்தது.

"ஆமாம்மா, விட்டுப்போச்சு. எழுதினது எழுதினதுதான்."

வீட்டின் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு அது கிளம்பிப் போனது. சமையலறைச் சுவர் தொய்ந்தது. குழாய் ஓரமாக வழிந்தது. கொல்லைக் கதவு குழறியது.

இப்போது ஏகாம்பரம் காலையில் எழுந்ததும் சுவருக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார். கொல்லைக் கதவை மெல்ல நீட்டி மடக்குகிறார். நேற்று சுவர் தானாகவே ஒரு செங்கல்லை அசைத்தது. மாசிலாமணி பதினோரு வருஷ வைட்டமினில் ஒரு நெல்லிக்காய் அளவுகூட இன்னும் திருப்பவில்லை.